சோப்பு வில்

உலகத்து வலிகளிலேயே உயர்ந்த வலி, வயலா வாசிக்கிறவனின் இடது தோள்பட்டை வலிதான். மூட்டை தூக்குகிறவனுக்கும் அதே இடத்தில்தான் வலிக்கிறது. ஆனால் அது வெறும் வலி. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு குப்புறப் படுத்துவிடலாம். வயலாக்காரனின் வலிக்குப் பின்னால் ஐரோப்பிய நாகரிகமே கைகட்டி நிற்கிறது. அதன்மேல் தைலம் தேய்ப்பது மரியாதை ஆகாது.

நல்லம்பள்ளிப் பக்கத்து ராஜப்பனுக்கு இந்த உயர்ந்த வலி சின்ன வயதிலேயே வந்துவிட்டது. அப்போது அவன் தோளில் வயலா இல்லை. கல் குவாரியில் அப்பனும் ஆத்தாளும் உடைத்துப் போட்ட ஜல்லி, கூடையோடு இருந்தது. பிற்காலத்தில் அதே தோளில் வயலா ஏறியதும், வலி பதவி உயர்வு பெற்றது. தருமபுரியில் ஒரு எலும்பு டாக்டரிடம் போய் அதைப் பெருமையாகவே சொன்னான்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"சேம்பர் மியூசிக்குங்க. ஃப்ரீலான்ஸ்."

"சேம்பரா? செங்கல் சூளையா?"

"இல்லீங்க, வயலா."

"சரி, எதுவா இருந்தாலும் தூக்கறத கொறைங்க" என்று எழுதிக்கொடுத்தார் டாக்டர். கலையைப் பற்றி மாவட்டத்தில் சொல்லப்பட்ட ஒரே உருப்படியான யோசனை அதுதான். ராஜப்பன் அதைப் பின்பற்றவில்லை.

வயலா அவனுக்கு வந்த வரலாறும் சாதாரணமானதல்ல. அவன் தங்கிப் படித்த மிஷன் ஹாஸ்டலில் ஒரு நாள் பெட்டி பெட்டியாகத் தந்தி வாத்தியங்கள் வந்து இறங்கின. பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துக் கொடுத்தார்கள். சோற்று வரிசையில் என்றைக்கும் முதல் ஆளாக நிற்கிற ராஜப்பன், அன்றைக்கு வயிற்றுப்போக்கால் கொல்லைப்புறம் போயிருந்தான். திரும்பி வருவதற்குள் வயலின் எல்லாம் தீர்ந்து, யாரும் தொடாத ஒன்று மிச்சம் கிடந்தது. வயலினைவிடக் கொஞ்சம் பெரிது, செல்லோவைவிட ரொம்பச் சிறிது. வீட்டில் நடுப்பிள்ளை மாதிரி. இருந்தாலும் யாருக்கும் தெரியாது, இல்லாவிட்டாலும் யாருக்கும் தெரியாது. இப்படியாக, வயிற்றுப்போக்கின் வழியே கலைமகள் அவனை ஆட்கொண்டாள்.

அதே ஹாஸ்டலில் வரிசையின் முன்னால் நின்று வயலின் வாங்கிய ஆரோக்கியராஜ்தான் பிற்பாடு "கிராண்ட் ஹார்மனி சேம்பர் குவார்டெட்" என்கிற, நாலே பேர் கொண்ட மாபெரும் நிறுவனத்தைத் தொடங்கினான். தலைமையகம், தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பைப் கடையின் மாடி. ஆரோக்கியராஜ் முதல் வயலின். விசிட்டிங் கார்டில் நிறுவனர், கலை இயக்குநர், ஒருங்கிணைப்பாளர். மூன்றும் அவனே. இரண்டாம் வயலின் காவியா. மற்ற நேரங்களில் பெங்களூர் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் சொல்லிக்கொடுப்பாள். செல்லோ வீரமணி. ஆள் உயரப் பெட்டியை டவுன் பஸ்ஸில் ஏற்றும்போதெல்லாம் கண்டக்டர், "இன்னாப்பா, உள்ளே ஆளு இருக்குதா?" என்று கேட்டுவிட்டு லக்கேஜ் டிக்கெட் கிழிப்பார். நாலாவது ராஜப்பன்.

"ஃப்ரீலான்ஸ்" என்ற சொல்லை மாவட்டத்துக்குள் கொண்டுவந்ததும் ஆரோக்கியராஜ்தான். அதாவது, முதலாளி கிடையாது. முதலாளி இல்லாததால் லீவு கேட்க ஆள் இல்லை. ஆகவே லீவும் இல்லை. "முடியாது" என்ற சொல் மட்டும் சுதந்திரக் கலைஞனின் வாயில் வரக்கூடாது. ஒரு தடவை வந்தால் மறு தடவை கூப்பிட மாட்டார்கள். குவாரியில் ராஜப்பனின் அப்பனும் இதே விதிப்படிதான் கடைசிவரை இருந்தான். பாவம், அதற்குப் பெயர் சுதந்திரம் என்று தெரியாமலே செத்துப்போனான்.

குவார்டெட்டுக்குக் கிராக்கி வந்தது கல்யாண ரிசப்ஷன்களால்தான். மணப்பெண் மேடை ஏறும்போது கறுப்புக் கோட்டுப் போட்ட நாலு பேர் வில்லை இழுத்துக்கொண்டிருந்தால் குடும்பத்துக்கு ஒரு கம்பீரம். இந்தக் கம்பீரத்தை விநியோகம் செய்கிறவன் ரஞ்சித்குமார். காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு மண்டபம் மண்டபமாக ஓடுகிற நிகழ்ச்சி அமைப்பாளன். ஒரு ரிசப்ஷன் முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் இலைக்கு எதிரே வந்து நின்றான்.

"உங்க வாசிப்பு சூப்பருங்க. ஆனா கூட்டத்துல யாருக்கும் கேக்கல. கேட்டவங்க இது என்னா பாட்டுன்னு கேக்கறாங்க. அதனால இனிமே நாங்களே ஸ்பீக்கர்ல ரெக்கார்டு ட்ராக் போட்டுடறோம். நீங்க லைவா இருந்தா போதும்."

"அப்ப வாசிக்க வேணாமா?" என்றாள் காவியா.

"ஐயய்யோ, வாசிக்கணுங்க! சத்தம் வரக்கூடாது, அவ்ளோதான்."

இந்தக் கொள்கைப் பிரச்சினையை விவாதிக்க பைப் கடை மாடியில் அவசரப் பொதுக்குழு கூடியது. வில்லின் முடியில் ரோசின் என்ற பிசின் கட்டியைத் தேய்த்தால்தான் அது தந்தியைப் பிடித்து நாதம் எழுப்பும். அதற்குப் பதிலாகச் சோப்பைத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு ஓடும், மூச்சுவிடாது. "கலைக்குச் செய்யும் துரோகம்" என்று வீரமணி கொதித்தெழுந்தான். போக வரப் பஸ் செலவு ரஞ்சித்குமாருடையது என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டான். பின்பு எந்தச் சோப்பு என்பதில் கடும் விவாதம் நடந்தது. வாசனைச் சோப்பு தோலுக்கு நல்லது, வில்லுக்கும் நல்லதாகத்தான் இருக்கும் என்றாள் காவியா. துணி சோப்புதான் காரம், நாதத்தை வேரோடு அறுக்கும் என்றான் வீரமணி. முடிவில் முதல் வயலினுக்கும் இரண்டாம் வயலினுக்கும் வாசனைச் சோப்பு, மற்ற இருவருக்கும் துணி சோப்பு என்று "ஒலி மேலாண்மைத் தீர்மானம்" ஒருமனதாக நிறைவேறியது. முன்மொழிந்தவர் ஆரோக்கியராஜ். வழிமொழிந்தவர் ராஜப்பன். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு மட்டும் சத்தம் வந்தது.

ராஜப்பனிடம் இரண்டு வில் இருந்தன. ஒன்றில் சோப்பைத் தேய்த்தான். இன்னொன்றுக்கு ரோசின் போட்டு வேட்டியில் சுற்றி, வீட்டுப் பரண்மேல் பத்திரமாக வைத்தான். அவனைப் பொறுத்தவரை அதுதான் அவனுடைய மனசாட்சி. மனசாட்சியை வெளியூர் நிகழ்ச்சிக்கெல்லாம் எடுத்துப்போனால் அடிபட்டுவிடும்.

இசையுலகில் இவன் இவ்வளவு உயரத்தில் இருக்கும்போது, தரையில் இவனுக்குக் கொஞ்சம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் கொல்லையும் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவள் மனைவி அன்பரசி. அவர்கள் ஊரில் கிழங்குப் பிடுங்கலுக்குக் கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை, மாத்தாள்தான். இன்றைக்கு என் கொல்லைக்கு நீ வந்தால் நாளைக்கு உன் கொல்லைக்கு நான் வரவேண்டும். எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. ஆனால் வராமல் போனவனுக்கு ஊரில் யாரும் அதன்பின் ஒரு குச்சி பிடுங்கித்தர மாட்டார்கள். பாதிநாள் வந்துவிட்டுப் போனால் அது கணக்கிலேயே சேராது.

பக்கத்துக் கொல்லைக்காரி தங்கம்மாள் போன வாரம் மகளோடு வந்து இவர்கள் கிழங்கை நாள் முழுக்கப் பிடுங்கிக் கொடுத்தாள். அன்றைக்கு ராஜப்பன் பைப் கடை மாடியில் சோப்பு வில்லோடு "ஒத்திகை" பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது தங்கம்மாளின் முறை; இங்கிருந்தும் இரண்டு ஆள் போகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜவ்வரிசி மில் லாரி வரும். அதற்குள் பிடுங்கி ஏற்றியாக வேண்டும். லாரி போய்விட்டால் அடுத்த லாரி என்றைக்கு என்று சொல்ல முடியாது. பிடுங்கிய கிழங்கு மறுநாளே உள்ளே கறுத்துவிடும். அந்த ஒரு கொல்லைதான் அவளுக்கு வருஷம் முழுக்கச் சோறு.

அதே ஞாயிற்றுக்கிழமை, பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் சாலையில் ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷன்.

"போன் பண்ணி முடியாதுன்னு சொல்லுங்க" என்றாள் அன்பரசி.

"அந்த வார்த்தைய நாங்க சொல்லக்கூடாது."

"நீங்கதான் சத்தமே வராம வாசிக்கறீங்களே. வூட்ல இருந்தே வாசிச்சா என்னாவாம்?"

கலையறிவு இல்லாதவர்கள் இப்படித்தான் நேராகக் கேட்டுவிடுவார்கள். ராஜப்பன் தங்கம்மாளிடமே போனான். சுற்றி வளைத்து, சேம்பர் இசையின் பெருமையில் தொடங்கி, சோப்பு வழியாக, ஞாயிற்றுக்கிழமைக்கு வந்து சேர்ந்தான். தங்கம்மாள் கொத்திய களைகளை உதறிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப அங்க சும்மா உக்காந்து கைய ஆட்டினா போதும்ங்கற."

"சும்மா இல்லக்கா, அதுல ஒரு..."

"எங்க வூட்ல ஒருத்தன் இருக்கறானே, எம் மருமவன் வெங்கடாசலம். சும்மா உக்கார்றதுல இந்தச் சுத்துவட்டாரத்துல அவன அடிச்சுக்க ஆளில்ல. கொல்லைக்கு வந்தா இடுப்பு புடிச்சுக்கும். அவன அங்க அனுப்பு. நீ இங்க வா. மாத்தாளுக்கு மாத்தாள்."

ராஜப்பனின் தன்மானம் கொஞ்சம் முனகியது. சோப்புத் தேய்த்த தன்மானமாதலால் வெளியே கேட்கவில்லை.

சனிக்கிழமை வெங்கடாசலத்துக்குப் பயிற்சி நடந்தது. நல்ல உயரம், முறுக்கிவிட்ட மீசை. ராஜப்பனின் கறுப்புக் கோட்டு, ராஜப்பன்மேல் கொக்கியில் தொங்குவதுபோல் தொங்குமே, அது வெங்கடாசலத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது.

"ஆரோக்கியராஜ் வில்லு மேல போனா உன்னுதும் மேல போகணும். கீழ வந்தா கீழ. புரியுதா?"

"பம்பு அடிக்கற மாதிரி."

"அப்புறம் மூஞ்சி. கண்ண பாதி மூடிக்கணும். மூஞ்சியில ஒரு துக்கம் இருக்கணும்."

"மாமியார நெனச்சுக்கட்டுங்களா?"

"அது கோவம். துக்கம் வேற."

வெங்கடாசலம் யோசித்தான். "சரிங்க, நாளைக்குக் கொல்லைக்குப் போகணும்னு நெனச்சுக்கறேன்" என்று கண்ணை மூடினான். முகத்தில் அப்படியொரு ஆழமான சோகம் வந்து இறங்கியது. இருபது வருஷமாக வயலா வாசிக்கும் ராஜப்பனுக்கு அது ஒருநாளும் வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன்பே கொல்லையில் இறங்கினார்கள். தங்கம்மாள், அவள் மகள் நிர்மலா, அன்பரசி, ராஜப்பன். இதுவும் நாலு பேர் கொண்ட குழுதான். தங்கம்மாள் குச்சியை அடியில் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டி ஒரு இழுப்பு இழுப்பாள். மண்ணைப் பிளந்துகொண்டு கிழங்குக் கொத்து வரும். நிர்மலா அரிவாளால் கிழங்கை வெட்டிக் குவிப்பாள். அன்பரசி மூட்டை கட்டுவாள். ராஜப்பன் தங்கம்மாளுக்கு எதிர் வரிசையில் பிடுங்கவேண்டும். மண் காய்ந்து கிடந்தது. அவன் இழுத்த இழுப்பில் பாதிக் கிழங்கு முறிந்து உள்ளேயே நின்றது.

"ராஜப்பா, அது கெழங்கு. தடவிக் குடுக்காத, புடுங்கு" என்றாள் தங்கம்மாள்.

அவன் இடுப்பில் கைவைத்து நின்றால், நிர்மலாவின் அரிவாள் நின்றது. அரிவாள் நின்றால் மூட்டை நின்றது. மூவரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். வயலா வாசிக்கத் தொடங்கியதிலிருந்து இன்றுவரை, அவன் நிறுத்தியதை ஒருத்தர் கவனித்தது இதுதான் முதல் தடவை. அவனுக்கு அது பெருமையாக இருந்திருக்க வேண்டும். தோள்தான் வலித்தது. இந்த வலி பழைய வலி, ஜல்லிக்கூடை வலி. இதற்கு ஐரோப்பா பொறுப்பேற்காது.

மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது செல்போன் சிணுங்கியது. வீரமணி ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். ரிசார்ட் வாசலில் குவார்டெட். வழக்கமாக ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு நிற்கிற வயலா இந்தத் தடவை நட்ட நடுவில் நின்றது. கறுப்புக் கோட்டு, மீசை. கீழே வீரமணியின் குறிப்பு: "மாப்பிள்ளை கூட்டத்துல எல்லாரும் இவருகூடத்தான் செல்ஃபி எடுக்கறாங்க."

சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தான். தன் இடம் போய்விட்டால் என்ன ஆவது? எவ்வளவு அற்பமான இடமானாலும் அவன் இடம். ஹாஸ்டல் வரிசையில் அன்றைக்கு ஒரு தடவைதான் அவன் இல்லாமல் போனான். அதன் பலனை இன்றுவரை தோளில் சுமக்கிறான்.

"அக்கா, ஒரு அவசரம். போய்ட்டு உடனே வந்துடறேன்."

தங்கம்மாள் சோற்றுக் கையோடு நிமிர்ந்து பார்த்தாள். "லாரி வர்றதுக்குள்ள வந்துடுவியா?"

"வந்துடுவேன்."

"பாதிக் கொல்லை இன்னும் நிக்குது, ராஜப்பா."

"வந்துடுவேன்க்கா."

ஃப்ரீலான்ஸ்காரன் "முடியாது" என்று சொல்லமாட்டானல்லவா. இங்கேயும் சொல்லவில்லை.

வீட்டுக்கு ஓடி, பரண்மேலிருந்து ரோசின் போட்ட வில்லை எடுத்துக்கொண்டு, லுங்கியோடு வண்டியை முறுக்கினான். ரிசார்ட் வாசலில் காவலாளி, "சமையலுக்கு வந்தவங்க பின்பக்கமா போங்க" என்று வழிகாட்டினார். அவன் பிரியாணி அண்டாக்களுக்கு நடுவே நுழைந்து மேடையின் ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. ஸ்பீக்கரில் எங்கோ வெளிநாட்டில் யாரோ வாசித்த இசை பொழிந்தது. பூ அலங்காரத்துக்குக் கீழே நாலு வில்கள் மேலும் கீழும் போயின. வெங்கடாசலம் கண்ணை மூடி, கொல்லையை நினைத்து, உலகத் துயரம் முழுவதையும் முகத்தில் தாங்கிக்கொண்டிருந்தான். முன்வரிசைப் பெண்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

அப்போது கரண்ட் போனது. ஜெனரேட்டர்காரர் சாப்பிடப் போயிருந்தார்.

ட்ராக் நின்றது. வில்கள் நிற்கவில்லை. ஆரோக்கியராஜுக்கு நெற்றி வேர்த்தது. அழுத்தி இழுத்துப் பார்த்தான். சவரக்கத்தி தீட்டுவதுபோல் "ஸ்ஸ்" என்றது. காவியாவும் வீரமணியும் ஒருவரையொருவர் பார்த்தபடி வாசனையோடும் காரத்தோடும் வழுக்கிக்கொண்டிருந்தார்கள். வெங்கடாசலம் ஒருவன்தான் கலங்கவில்லை; சத்தம் வருவது அவன் வேலையே இல்லை. மண்டபமே நிசப்தமானது.

பட்டு வேட்டிப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "இதாம்பா சேம்பர் மியூசிக்கு. காத தீட்டிக்கிட்டுக் கேக்கணும்."

"எனக்குக் கேக்குதுங்க" என்றார் அவர்.

ராஜப்பனுக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு வாழ்நாளின் அவமானத்தைத் துடைக்க வந்த தருணம் இது என்று அவன் உடம்பெல்லாம் சொன்னது. கிழங்கு மண் படிந்த காலோடு மேடையில் தாவி ஏறி, வெங்கடாசலத்தின் கையிலிருந்து வயலாவைப் பிடுங்கி, மனசாட்சி வில்லை வைத்து இழுத்தான்.

சத்தம் வந்தது. உண்மையான, உயிருள்ள சத்தம்.

பம்-பம். பம்-பம். பம்-பம்.

வயலாவின் பங்கு அவ்வளவுதான். மற்ற மூவரும் ராகத்தைக் கொண்டுபோனால் நடுவில் நின்று முட்டுக்கொடுக்கிற பங்கு. மூவரும் சோப்பு. தனியாக அந்தப் பம்-பம் மட்டும், தண்ணீர் வராத மோட்டார் மாதிரி, மண்டபத்தைச் சுற்றியது. இருபது வருஷமாகத் தான் என்ன வாசித்துக்கொண்டிருந்தோம் என்று ராஜப்பனுக்கே அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டது. ஒரு குழந்தை வீறிட்டது.

"யாருடி இது, தண்ணி லாரிக்காரனா?" என்றாள் மாப்பிள்ளையின் அத்தை.

ரஞ்சித்குமார் ஹெட்செட் கழுத்தில் தொங்க ஓடி வந்தான். "ஏங்க! சத்தம் வருதுங்க! எறங்குங்க!"

"கரண்ட் இல்ல, அதான்..."

"கரண்ட் வரும்ங்க! அதுவரைக்கும் நல்லாத்தானே போய்க்கிட்டிருந்துச்சு!"

கரண்ட் வந்தது. விட்ட இடத்திலிருந்து ட்ராக் தொடர்ந்தது. வெங்கடாசலம் வயலாவை மரியாதையோடு திரும்ப வாங்கி, கண்ணை மூடினான். அதற்கு எழுந்த கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இறங்கும்போது ரஞ்சித்குமார் ஆரோக்கியராஜிடம் கிசுகிசுத்தது ராஜப்பன் காதில் விழுந்தது: "அந்த மீசைக்காரரயே பர்மனென்ட் பண்ணிடுங்க."

அவன் கொல்லைக்குத் திரும்பியபோது லாரிச் சக்கரத் தடம் மட்டும் இருந்தது. பிடுங்கியும் ஏற்ற முடியாமல் போன கிழங்கு ஒரு குவியலாகக் கிடந்தது. வரிசைகள் சில அப்படியே நின்றன. தங்கம்மாள் குவியலுக்குப் பக்கத்தில் அரிவாளை மண்ணில் குத்தி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"லாரி போச்சாக்கா?"

"போச்சு. பாதிதான் ஏத்தினோம். மிச்சம் கறுத்துடும்."

அவன் குனிந்து, உருண்டு கிடந்த ஒரு கிழங்கை எடுத்துக் குவியலின்மேல் வைத்தான்.

"எம் மருமவன் எப்புடி?" என்று கேட்டாள்.

"நல்லா உக்காந்தான்க்கா."

"உக்காருவான். நீ உக்கார்ற எடத்துல அவன் உக்காந்தான். நீ நிக்கற எடத்துலதான் யாரும் நிக்கல." எழுந்து அரிவாளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கிராண்ட் ஹார்மனி சேம்பர் குவார்டெட் இப்போது மாவட்டத்தின் பெருமைகளில் ஒன்று. கரண்ட் போன அந்தச் சில நிமிஷங்களின் வீடியோ, "மௌன இசை" என்ற தலைப்பில், செல்போன் செல்போனாகப் பரவியது. வெங்கடாசலத்துக்குத் தனி விசிட்டிங் கார்டு அடித்தாயிற்று. ராஜப்பனைக் குழு கைவிடவில்லை. அது நன்றி மறவாத நிறுவனம். செல்லோவை பஸ்ஸில் ஏற்றி இறக்குகிறான். பெரிய இடத்து ரிசப்ஷன் என்றால் இரவல் வயலாவோடு ஐந்தாவது நாற்காலியில் உட்கார்த்திவைக்கிறார்கள். நால்வர் குழுவில் ஐந்தாவது ஆள் எப்படி என்று யாரும் கேட்டதில்லை. அந்த ரோசின் வில்லுக்கும் துணி சோப்பு தேய்த்தாயிற்று. தேய்த்தது அவன்தான்.

தோள் இன்னும் வலிக்கிறது. யாராவது கேட்டால், "வயலாங்க" என்கிறான். குழுவின் விசிட்டிங் கார்டில் பின்பக்கம், "கலைக்கு நாங்கள் பட்ட கடன் தீராது" என்று பொன்னெழுத்தில் போட்டிருக்கிறது. போடட்டும். கலை யாரிடமும் வந்து கடனைத் திருப்பிக் கேட்டதில்லை; அதனால்தான் அந்தக் கடனை எல்லோரும் அவ்வளவு தைரியமாக அச்சடிக்கிறார்கள். சத்தமே வராத வில்லை இழுக்க நேரம் இருக்கிற ராஜப்பன், அச்சில் வராத ஒரு கடனை வைத்திருக்கிறான். தங்கம்மாள் அவன் கொல்லையில் ஒரு முழு நாள் கிழங்கு பிடுங்கினாள். இவன் அவள் கொல்லையில் பாதிநாளில் ஓடிப்போனான். பாதிநாள் கணக்கில் சேராது. அவளுக்கு ஒரு நாள் வேலை பாக்கி.